3 மி.மீ. பிளைவுட்டில் கரித்தடம்: கம்ப்ரசர், பின் பெட், பேப்பர் டேப் – எதற்குக் காசு தரலாம்?

கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட், கொலுவுக்கு அலங்கார வளைவு, வாசல் பெயர்ப் பலகை, மாம்பழ கிஃப்ட் பாக்ஸுக்கு மூடி என்று மெல்லிய பிளைவுட் வேலைகள் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி லேசர் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆர்டர் கொடுப்பவர் கேட்பது ஒன்றுதான்: மரம் மர நிறத்திலேயே இருக்க வேண்டும். வெட்டி எடுத்தால் கோட்டின் இருபுறமும் மஞ்சள் புகை, மூலைகளில் கருப்பு, திருப்பிப் பார்த்தால் ஷீட்டைத் தாங்கும் தட்டின் (பெட்) தேன்கூட்டு அச்சு. இதைக் குறைக்கவென்று விற்கும் பொருள்களைத்தான் இங்கே எடைபோடுகிறோம். கணக்கில் கொண்டது 60 முதல் 80 வாட் வரையிலான சி.ஓ.2 ட்யூப் மெஷின்கள். பெட் அளவை வைத்து 6040, 9060, 1390 என்று விற்பவை. டயோடு லேசருக்குச் சில விஷயங்கள் மாறும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் காசு காற்றுக்கு. இரண்டாவது காசு ஷீட்டைப் பெட்டிலிருந்து தூக்கி வைக்க. ஷீட்டின் மேல் ஒட்டி வெட்டும் பேப்பர் டேப் நல்ல பொருள்தான், ஆனால் எல்லா வேலைக்கும் ஒட்டினால் கூலி கட்டாது. தர்மபுரி வெயிலில் சி.டபிள்யூ 3000 சில்லரோடு (ட்யூபுக்குத் தண்ணீர் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கும் யூனிட்) ஓட்டுபவர் மட்டும் இந்த வரிசையை மாற்றி, சில்லரிலிருந்து தொடங்க வேண்டும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு துண்டை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை மூன்று வகை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. மேல்புறத்தில் கோட்டை ஒட்டிப் பழுப்பாகப் பரவியிருப்பது புகைக்கறை. மரம் எரியும்போது வரும் பிசின் ஆவி, குளிர்ந்த மரத்தின் மேல் படிந்து உறைவதால் வருவது அது. ஆல்கஹால் நனைத்த துணியில் கொஞ்சமாவது வந்துவிடும். வெட்டு விளிம்பிலேயே கருப்பாக, தொட்டால் விரலில் ஒட்டுவது கரி. அது படிந்ததல்ல, மரமே கரியானது, துடைத்தால் போகாது. மூன்றாவது, அடிப்பக்கத்தில் கோட்டுக்குக் குறுக்கே அங்கங்கே சின்னச் சின்னப் பழுப்புத் தீற்றல்கள். மரத்தைத் துளைத்து வந்த கதிர் பெட்டின் உலோகத்தில் பட்டு மேலே திரும்பிச் சுட்ட இடங்கள் அவை. முதலாவதைக் காற்றும் டேப்பும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு வேகம், ஃபோகஸ், காற்று. மூன்றாவதற்குப் பெட் மட்டும்தான் வழி. மேல்பக்கம் எத்தனை டேப் ஒட்டினாலும் அடிப்பக்கத் தீற்றல் அப்படியேதான் இருக்கும்.

மெஷினோடு வரும் சின்ன ஏர் பம்ப், மீன் தொட்டிக்கு விற்பதன் பெரிய அண்ணன். அதிர்வில் ஓடும் இந்தப் பம்ப்புகள் காற்றை லிட்டர் கணக்கில் தரும்; அழுத்தம் மட்டும் கால் பார், அரை பாருக்குள்ளேயே நிற்கும். லென்ஸில் புகை ஏறாமல் காக்க அது போதும். 3 மி.மீ. ஆழக் கீறலுக்குள் இறங்கி, எரியும் வாயுவைக் கீழே தள்ளப் போதாது. வெட்டும்போது கீறலுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் சுடர் நிலையாக நின்றுகொண்டே வந்தால் காற்று பற்றவில்லை என்று அர்த்தம். கரியில் பெரும்பகுதி அந்தச் சுடர் செய்வது, கதிர் செய்வதல்ல.

மாற்றாக வாங்க வேண்டியது ஆயில் ஃப்ரீ கம்ப்ரசர். 1 எச்.பி., 24 அல்லது 30 லிட்டர் டேங்க் உள்ள சைஸ் ஒரு மெஷினுக்குச் சரி. பெயின்ட் பட்டறையில் இருக்கும் ஆயில் கம்ப்ரசரைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். எண்ணெய்த் துளி லென்ஸில் படிந்தால் அந்த இடம் சூடேறி லென்ஸ் விரிசல் விடும். ஏர் ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த யூனிட் கட்டாயம். எஃப்.ஆர்.எல். என்று மூன்றாகச் சேர்த்து விற்பதில் மூன்றாவது பகுதி காற்றில் எண்ணெய் கலப்பதற்கானது, அது நமக்கு ஆகாது. ஃபில்டரும் ரெகுலேட்டரும் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஓசூரில் இன்டஸ்ட்ரியல் ஹார்டுவேர் கடைகளில் இதுவும் 6 மி.மீ. பி.யூ. ட்யூபும் புஷ் ஃபிட்டிங்கும் சாதாரணமாகக் கிடைப்பவை. மெஷினுக்குள் ஏற்கெனவே ஓடும் காற்று ட்யூப் 4 மி.மீ. என்றால் அதையும் மாற்றுங்கள். வெளியே 6 போட்டு உள்ளே 4 விட்டால் பாதிக் காற்று வழியிலேயே போய்விடும்.

அழுத்தம் எவ்வளவு? வெட்டுவதற்கு 1 முதல் 1.5 பார், அதாவது சுமார் 15 முதல் 22 பி.எஸ்.ஐ. இங்கே பலரும் சறுக்குவது ஒரு சின்ன விஷயத்தில்: வால்வு மூடியிருக்கும்போது முள் 1.5 காட்டும், காற்று ஓட ஆரம்பித்ததும் 0.6-க்கு இறங்கும். ஓடும்போது காட்டுவதுதான் கணக்கு. நாசில் துளையும் சேர்ந்தது இது. கம்பெனி நாசில் பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. துளையோடு வரும், 2.5 அல்லது 3 மி.மீ. துளை நாசிலுக்கு மாறினால் அதே கம்ப்ரசரில் காற்று ஊசிபோல் இறங்கும். ஆனால் கதிர் துளையின் நடுவே போக வேண்டும். நாசில் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பல்ஸ் சுட்டுப் பாருங்கள். பொட்டு நடுவில் இல்லையென்றால் கண்ணாடிகளை அலைன் செய்த பிறகே சின்ன நாசில் போடலாம். இல்லாவிட்டால் கதிர் நாசில் சுவரில் உரசி, வெட்டு ஒருபக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் மட்டும் கருகும்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த சைஸ் கம்ப்ரசர் நாள் முழுக்க நிற்காமல் ஓடச் செய்யப்பட்டதல்ல. 3 மி.மீ. துளையில் 1 பாருக்கு மேல் விட்டால் டேங்க் நிரம்பவே நிரம்பாது, மோட்டார் ஓய்வே எடுக்காது. 24 வோல்ட் சொலினாய்டு வால்வு ஒன்றை ரிலே வழியாகக் கன்ட்ரோலரின் காற்று அவுட்புட்டில் இணைத்தால், வெட்டும்போது மட்டும் காற்று போகும். மெஷினுக்கு டிசைன் அனுப்பும் லைட்பர்ன் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு லேயருக்கும் ஏர் அசிஸ்ட் ஸ்விட்ச் தனியாக இருப்பது இதற்குத்தான். பழைய சின்னப் பம்ப்பைத் தூக்கிப் போட வேண்டாம். டி கனெக்டரும் நான் ரிட்டர்ன் வால்வும் போட்டு அதே லைனில் வைத்திருங்கள். படம் பொறிக்கும்போது அதன் மெல்லிய காற்றே சரியானது. அப்போது பலத்த காற்று அடித்தால் புகை மரத்தின் ரேகைக்குள் அழுந்தி, படத்தைச் சுற்றி மூடுபனி மாதிரி ஒரு பழுப்பு நிற்கும். மழைக்காலத்தில் டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

காற்று சரியான பிறகு செட்டிங்கைக் கையில் எடுங்கள். அது சரியாகாமல் எந்தப் பொருளையும் குறை சொல்லவோ புகழவோ முடியாது. 60 வாட் ட்யூபில் 3 மி.மீ. பாப்ளர் பிளைக்கு 60 சதவீத பவர், விநாடிக்கு 15 முதல் 20 மி.மீ. வேகம், 80 வாட்டில் 25 அளவு. இது தொடக்கப் புள்ளிதான். ட்யூபின் வயது, லென்ஸ், ஷீட் எல்லாம் இதை மாற்றும். 20 மி.மீ. சதுரமும் உள்ளே 8 மி.மீ. வட்டமும் வரைந்து, பவரை நிலையாக வைத்து வேகத்தை இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள். துண்டு தானாகக் கீழே விழும் கடைசி வேகம்தான் உங்கள் எண். அதிலிருந்து ஒரே ஒரு படி இறக்கி வைத்தால் போதும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 20-ஐ 12 ஆக்குவதுதான் கடைகளில் நடப்பது. அந்த எட்டு மி.மீ. வேகம் முழுவதும் சூடாக மரத்திலேயே தங்குகிறது.

மூலை மட்டும் கருகினால் வேகத்தில் தப்பில்லை, மினிமம் பவரில் இருக்கிறது. தலை மூலையில் திரும்ப வேகம் குறைக்கும்; அந்த நேரத்தில் மெஷினை இயக்கும் ருயிடா கன்ட்ரோலர் மினிமம் பவருக்கு இறங்கும். மேக்ஸிமம் 60, மினிமம் 58 என்று வைத்திருந்தால் மூலையில் இரட்டிப்புச் சூடு. 45-க்கு இறக்கிப் பாருங்கள். மூலை அறுபடாமல் நின்றால் இரண்டிரண்டாக ஏற்றுங்கள். வெட்டு தொடங்கும் இடத்தில் கருப்புப் பொட்டு விழுந்தால் லீட் இன் கோடு ஒன்றைக் கழிவுப் பக்கத்தில் கொடுத்தால் பொட்டு கழிவோடு போய்விடும். ஃபோகஸை ஷீட்டின் மேற்பரப்பில் வைக்காமல் ஒரு மி.மீ. உள்ளே இறக்கி வைத்தால் விளிம்பு நேராகவும் வெளிறியும் வரும். இரண்டு முறை வேகமாக ஓட்டினால் கரி குறையும் என்று சொல்வார்கள். சி.ஓ.2-வில் ஒரே ஓட்டம்தான் பெரும்பாலும் சுத்தம். இரண்டாவது ஓட்டம் ஏற்கெனவே கரியான சுவரை மறுபடி சுடுகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு சங்கதி உண்டு. காலையில் கருங்கல்லில் படம், மாலையில் பிளைவுட் என்று ஒரே மெஷின் ஓடும் கடைகளில் கல் தூள் லென்ஸிலும் மூன்றாவது கண்ணாடியிலும் படிந்திருக்கும். கல் வேலை முடிந்ததும் லென்ஸைக் கழற்றி, முதலில் ஊதித் தூளை எடுத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் துடையுங்கள். ஊதாமல் தேய்த்தால் கல் தூளே லென்ஸைக் கீறிவிடும். அழுக்கு லென்ஸோடு எந்தக் கம்ப்ரசரை வாங்கியும் பயனில்லை.

பெட்டுக்கு வருவோம். மெஷினோடு வரும் ஹனிகோம்ப், அதாவது தேன்கூட்டுத் தட்டின் மேல் ஷீட்டை நேராகப் படுக்கப் போட்டு வெட்டுவதுதான் அடிப்பக்கத் தடத்துக்கு மூலகாரணம். கதிர் திரும்பிச் சுடுவது ஒருபக்கம். புகை வெளியேற வழியில்லாமல் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் சுழன்று மரத்தில் படிவது இன்னொரு பக்கம். பழைய வேலைகளின் தார் ஹனிகோம்பில் பிசுபிசுப்பாக இருந்தால் புது ஷீட்டுக்கு அது நேராக ஒட்டிக்கொள்ளும். இதற்கு விற்கும் பின் செட்டுகள், கூரான முனையுள்ள இரும்பு அல்லது அலுமினிய ஆணிகள், கொடுத்த காசுக்கு முழுசாக வேலை செய்பவை. 10 முதல் 20 மி.மீ. உயரம் போதும். தூக்கிய பிறகு ஃபோகஸ் கேஜை மறுபடி வைத்து பெட்டை இறக்க மறக்காதீர்கள். காந்த அடி உள்ள பின்கள் இரும்பு ஹனிகோம்பில் மட்டும் நிற்கும், அலுமினியத்தில் நிற்காது. வாங்கும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். அலுமினியம் என்றால் கண்ணுக்குள் சொருகும் பின்தான்.

பின்னின் பலவீனம் சின்னத் துண்டுகள். வெட்டுப்பட்ட எழுத்து பின்களுக்கு நடுவே சாய்ந்து நிற்கும், அடுத்த கோடு போகும்போது தலை தட்டும், அல்லது சாய்ந்த முகத்தில் கதிர் விழுந்து கருகும். லைட்பர்னில் டேப் (tab, ஒட்டும் டேப் அல்ல) என்ற வசதியில் 0.4 மி.மீ. பாலம் இரண்டு மூன்று விட்டால் துண்டு விழாது. பிறகு பிளேடால் தட்டி எடுக்கலாம். உள் ஓட்டைகளை முதலில், வெளிக் கோட்டைக் கடைசியில் வெட்டும் வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி பெட் என்று விற்கும் பட்டைகள் நீளக் கோடுகளுக்கு நல்லவை, ஆனால் பட்டையின் மேலேயே கோடு ஓடினால் அந்த நீளம் முழுக்கத் தடம். மெல்லிய ஷீட்டுக்கு எங்கள் ஓட்டு பின்னுக்கே. ஹனிகோம்பைச் சுத்தம் செய்யக் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அலுமினியம் என்றால் காஸ்டிக் அதையே தின்றுவிடும், எரியும் வாயுவும் கிளம்பும். வெந்நீரும் சமையலறை டிகிரீசரும் போதும்.

பேப்பர் டேப். ஸ்டிக்கர் கடைகளில் அப்ளிகேஷன் டேப், டிரான்ஸ்ஃபர் டேப் என்ற பெயரில் 12, 24 அங்குல ரோல்களாகக் கிடைப்பதில் காகித வகையை மட்டும் வாங்க வேண்டும். தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் வகையை வாங்காதீர்கள், பி.வி.சி. என்றால் லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கேடு, மெஷினின் ரெயிலும் துருப்பிடிக்கும். கார் பெயின்ட்டுக்கான 2 அங்குல மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டுவது அவசரத்துக்கு ஆகும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரட்டைத் தடிமன், இடைவெளி விட்டால் அந்த இடுக்கில் நீளமாகப் பழுப்புக் கோடு. அகல ரோல்தான் கணக்குக்குச் சரி.

ஒட்டும் பசை நடுத்தரமாக இருக்க வேண்டும். குறைந்த பசை, சொரசொரப்பான பிளையில் ஓரம் தூக்கி நிற்கும். காற்று அடித்ததும் அந்தத் தூக்கிய வாய்க்குள்ளேயே புகை நுழையும். அதிகப் பசை, உரிக்கும்போது மேல் வெனீரின் நாரைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்க்வீஜியால் ரேகை வாக்கில் அழுத்தி ஒட்டி, வெட்டிய அன்றே ரேகை வாக்கில் தாழ்வாக இழுத்து உரியுங்கள். தர்மபுரி மே மாத வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு வாரம் விட்டால் பசை மரத்தோடு போய்விடும். டேப்பையும் சேர்த்து வெட்டப் பவரை மூன்று நான்கு சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும்.

எங்கே வேண்டாம் என்றால், நூற்றுக்கணக்கான பொடி எழுத்துகள் உள்ள டிசைனில். ஒவ்வொரு துண்டிலிருந்தும் காகிதத்தை நகத்தால் கிளப்பி எடுக்கிற கூலி, வெட்டுக் கூலியைத் தாண்டிவிடும். அங்கே டேப் இல்லாமல் வெட்டி, 320 நம்பர் உப்புத்தாளைச் சமமான பலகையில் பரப்பி, அதன் மேல் துண்டுகளை ரேகை வாக்கில் இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. பெரிய சமமுகங்களும் பெயின்ட் அடிக்காத வெளிர் மரமும்தான் டேப்பின் இடம். பின் பெட் இருந்தால் பெரும்பாலும் மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் போதும்.

ஷீட் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. ஐ.எஸ். 710 மெரைன் பிளை லேசருக்கு மோசமான தேர்வு; ஃபீனால் பசைக் கோடு கருப்பாகக் கருகும், அந்த இடத்தில் கதிரும் திணறும். எம்.ஆர். (ஈரம் ஓரளவு தாங்கும்) கிரேடு பாப்ளர் பிளை, ஹரியானாவின் யமுனாநகர் சரக்கு, நம் வேலைக்கு விலைக்கேற்ற தேர்வு. நம் பக்கத் தோட்டங்களில் நிற்கும் மலைவேம்பும் பிளைவுட் ஆலைகளுக்குத்தான் போகிறது. அந்த ஷீட் கிடைத்தால் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். எம்.டி.எஃப். விளிம்பு ஒரே சீராகக் காப்பி நிறமாகும். பெயின்ட் அடிக்கும் வேலைக்கு அது பிரச்சினை இல்லை, மர நிற வேலைக்கு ஆகாது. எந்த ஷீட்டாக இருந்தாலும் வாங்கும்போது விளிம்பை விளக்கில் பாருங்கள். உள் வெனீரில் இடைவெளி தெரிந்தால் அங்கே சுடர் புகுந்து எரியும். புட்டி அடைத்த முடிச்சு இருந்தால் அங்கே அறுபடாது. நிமிர்த்திச் சாய்த்து வைத்த ஷீட் வில்லாக வளையும். நடுவில் 3 மி.மீ. தூக்கினாலே ஃபோகஸ் போச்சு. படுக்கப் போட்டு, மேலே கனம் வைத்துச் சேமியுங்கள்.

சில்லர் கரித்தடத்தோடு சம்பந்தமில்லாத பொருள்போலத் தோன்றும். சி.டபிள்யூ 3000 என்பது ரேடியேட்டரும் விசிறியும் மட்டுமே. அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரை அதனால் குளிர்விக்க முடியாது. ட்யூபுக்கு உகந்தது 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர். கோடையில் தர்மபுரிக் கடைக்குள் 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்கும் மேலே. ட்யூபின் பவர் இறங்கும், காலையில் விழுந்த துண்டு மதியம் விழாது, ஆபரேட்டர் வேகத்தைக் குறைப்பார், கரி ஏறும். மதியத்துக்கு மேல்தான் கருகுகிறது என்பவர்கள் டேப்புக்குச் செலவழிக்காமல், ஃப்ரிட்ஜ்போலக் குளிரூட்டும் கம்ப்ரசர் உள்ள சி.டபிள்யூ 5000 அல்லது 5200-க்குச் சேர்த்து வையுங்கள். ஓசூர் குளிரில் அவ்வளவு அவசரமில்லை. அங்கே மழை நாளில் சில்லரை 15 டிகிரிவரை இறக்காமல் இருந்தால் போதும், இறக்கினால் ட்யூபின் மேல் வேர்க்கும். இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவானது தண்ணீரின் கடினம். போர் தண்ணீரை ஊற்றினால் ட்யூபுக்குள் உப்புப் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

துடைப்பான்களில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒன்றே போதும். புகைக்கறை ஆறுவதற்குள், ரேகை வாக்கில், துணியை அடிக்கடி திருப்பித் துடைக்க வேண்டும். அழுக்குத் துணி கறையைப் பரப்பும். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துத் துடைக்காதீர்கள், ஈரம் காயாத துண்டை மறுபடி பெட்டில் வைக்கவே கூடாது. மெலமைன் ஸ்பாஞ்சு மேல் கறையை நன்றாக எடுக்கும், ஆனால் மெல்லிய வெனீரில் அழுத்தினால் பளபளப்பு மாறும். வெட்டுமுன் ஷீட்டில் தண்ணீர் தெளிக்கும் யோசனை வேண்டாம். 3 மி.மீ. பிளை சில நிமிடங்களில் வளைந்துவிடும், ஈரத்தைக் காய வைக்கவும் கதிரின் பவர்தான் செலவாகும்.

டயோடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு: 10 வாட் ஆப்டிகல் டயோடில் 3 மி.மீ. பிளை மெதுவாகத்தான் அறுபடும், அதனால் கரியும் கூடுதல். அங்கே வேகத்தைக் கூட்டி இரண்டு மூன்று ஓட்டம் விடுவது பயன் தரும். அந்த மெஷின்களோடு விற்கும் குட்டி ஏர் பம்ப் விநாடிக்குச் சில மி.மீ. போகும் வேலைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். 2 மி.மீ. ஷீட்டுக்கு மாறினால் வித்தியாசம் உடனே தெரியும். எந்த மெஷினாக இருந்தாலும் எக்ஸாஸ்ட் பைப்பை வளைவு குறைத்து, நீளம் குறைத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே படிந்த தாரைச் சுரண்டி எடுங்கள். அந்தத் தார் பற்றக்கூடியது.